பெட்ரோலுக்கு மருந்து கண்ட தாமஸ் மிட்ஜ்லி

முன்னுரை

பெரியோரின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும்போது, நாமும் அவர்களைப் போல உயர வேண்டும் என்ற ஆவல் நம் உள்ளத்தில் எழுகிறது. ஆனால் சிலருடைய வரலாறு நமக்கு வேறு விதமான பாடத்தைக் கற்பிக்கிறது. அவர்களுடைய அறிவை நாம் போற்றுகிறோம். உழைப்பைக் கண்டு வியக்கிறோம். ஆயினும் அவர்கள் விட்டுச் சென்ற விளைவுகளை எண்ணி வருந்துகிறோம். அத்தகையோரில் ஒருவர்தாம் அமெரிக்க நாட்டின் அறிஞர் தாமஸ் மிட்ஜ்லி.

இன்று ஒரு புதிய கார் வாங்கியதும் வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது. பெட்ரோல் பங்கில் சாதாரணப் பெட்ரோல் போடுவதா, விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் போடுவதா? கடைகளில் சிறு பாட்டிலில் விற்கிறார்களே, அந்த மருந்தையும் வாங்கி டாங்கியில் ஊற்றலாமா? இந்தக் கேள்விக்குச் சரியான விடை காண வேண்டுமானால், பெட்ரோலில் மருந்து கலக்கும் வழக்கத்தை உலகெங்கும் பரவச் செய்தவரின் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் விடையின் ஒரு பாதி அவருடைய ஆராய்ச்சிச் சாலையில் இருக்கிறது. மறு பாதி அவர் கேட்கத் தவறிய ஒரு கேள்வியில் இருக்கிறது.

பிறப்பும் கல்வியும்

தாமஸ் மிட்ஜ்லி 1889ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பீவர் ஃபால்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையாரும் புதியன கண்டுபிடிப்பதில் நாட்டம் உள்ளவர். மோட்டார் வண்டிச் சக்கரங்களுக்கான டயர்களைப் பற்றி ஆராய்ந்தவர். ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் வளர்ந்த மிட்ஜ்லி, புகழ் பெற்ற கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1911இல் பட்டம் பெற்றார்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் முறையாகக் கற்றது இயந்திரவியல். ஆனால் உலகம் அவரை வேதியியல் அறிஞராகவே அறிகிறது. தேவை ஏற்பட்டபோது தானே முயன்று வேதியியலைக் கற்றுக்கொண்டார். பள்ளியில் படித்ததோடு படிப்பு முடிந்துவிட்டது என்று எண்ணாத அந்த ஆர்வம் மாணவியராகிய நாம் பின்பற்றத் தக்கது.

1916ஆம் ஆண்டில் அவர் டேட்டன் நகரத்தில் சார்லஸ் கெட்டரிங் என்பவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். கெட்டரிங் சாமானியர் அல்லர். அந்நாளில் காரைக் கிளப்ப வேண்டுமானால் முன்புறம் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகிப் பலமாகச் சுழற்ற வேண்டும். அது எதிர்த்துச் சுழன்று பலருடைய கையை முறித்ததுண்டு. அத்துன்பத்தை நீக்கி, மின்சாரத்தால் என்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டரை அமைத்தவர் கெட்டரிங். பெண்கள் எளிதாகக் கார் ஓட்டத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

என்ஜினுக்கு வந்த நோய்

அக்காலத்துக் கார் என்ஜின்களுக்கு ஒரு நோய் இருந்தது. மேட்டில் ஏறும்போதும் வேகத்தைக் கூட்டும்போதும் உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பது போல டக் டக் என்று ஓசை கேட்கும். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். நாம் தட்டல் என்று சொல்லலாம். தட்டல் தொடர்ந்தால் என்ஜின் சூடேறும்; இழுவை குறையும்; நாளடைவில் பிஸ்டன் பழுதாகும்.

கெட்டரிங் அமைத்த மின்சாரக் கருவிகளே இதற்குக் காரணம் என்று சிலர் குறை கூறினர். உண்மையைக் கண்டறியும் பொறுப்பை அவர் மிட்ஜ்லியிடம் ஒப்படைத்தார். அப்போது மிட்ஜ்லிக்கு வயது 27.

தட்டல் எவ்வாறு உண்டாகிறது? சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நுழைகின்றன. பிஸ்டன் மேலே வந்து அக்கலவையை அழுத்துகிறது. அந்த நேரத்தில் ஸ்பார்க் பிளக் ஒரு பொறியைத் தருகிறது. தீ ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சீராகப் பரவ வேண்டும். ஆனால் எரிபொருளுக்கு அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கும் தன்மை போதாவிட்டால், தீ வந்து சேரும் முன்பே மீதியுள்ள கலவை தானாகவே ஒரே நொடியில் வெடித்து எரிகிறது. அந்த அதிர்ச்சிதான் தட்டலாக நம் காதில் விழுகிறது. ஆகவே குற்றம் மின்சாரக் கருவியில் இல்லை. எரிபொருளின் தன்மையில் இருக்கிறது என்பதை மிட்ஜ்லி நிறுவினார்.

இது சிறிய செய்தியன்று. கலவையை எவ்வளவு அதிகமாக அழுத்துகிறோமோ அவ்வளவுக்கு ஒரே அளவு பெட்ரோலிலிருந்து கூடுதலான வேலையைப் பெறலாம். தட்டலுக்கு அஞ்சியே அக்காலப் பொறியாளர்கள் அழுத்தத்தைக் குறைத்து வைத்திருந்தனர். முதல் உலகப் போருக்குப் பின், பூமியிலுள்ள எண்ணெய் விரைவில் தீர்ந்துவிடுமோ என்ற அச்சமும் அமெரிக்காவில் நிலவியது. தட்டலை ஒழித்தால் எண்ணெய் மிச்சமாகும். மிட்ஜ்லி தொடங்கிய முயற்சியின் நோக்கம் நல்ல நோக்கமே என்பதில் ஐயமில்லை.

ஐந்தாண்டுத் தேடல்

தொடக்கத்தில் மிட்ஜ்லியும் கெட்டரிங்கும் ஒரு தவறான எண்ணத்தைக் கொண்டிருந்தனர். அந்நாட்டில் பனி உருகும் முன்பே பூக்கும் ஒரு சிறு செடி உண்டு. அதன் இலையின் அடிப்புறம் சிவப்பு. சிவப்பு நிறம் வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால்தான் அது முந்திப் பூக்கிறதோ என்று எண்ணிய அவர்கள், எரிபொருளையும் சிவப்பாக்கினால் அது முன்னதாகவே ஆவியாகித் தட்டல் நின்றுவிடும் என்று நினைத்தனர். எண்ணெயில் கரையும் சிவப்புச் சாயம் அன்று கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக அயோடினைக் கலந்து பார்த்தனர். வியப்பினும் வியப்பு! தட்டல் குறைந்தது.

ஆனால் மிட்ஜ்லி அத்துடன் மகிழ்ந்து நின்றுவிடவில்லை. பின்னர் உண்மையான சிவப்புச் சாயங்களை வாங்கி வந்து கலந்து பார்த்தார். ஒரு பயனும் இல்லை. நிறமே இல்லாத ஓர் அயோடின் சேர்மத்தைக் கலந்தார். தட்டல் குறைந்தது. எனவே நிறத்துக்கும் தட்டலுக்கும் தொடர்பில்லை. அயோடினின் வேதியியல் தன்மையே காரணம் என்று தெளிந்தார். தம்முடைய எண்ணம் தவறு என்று தாமே மெய்ப்பித்துக்கொண்ட இந்த நேர்மை அறிவியலின் அழகு.

அயோடின் விலை மிகுந்தது. உலோகங்களை அரிக்கவும் செய்தது. ஆகவே தேடல் தொடர்ந்தது. 1919இல் அனிலின் என்னும் பொருள் பயன் தந்தது. ஆனால் அதன் புகை தாங்க முடியாத நாற்றம் வீசியது. செலீனியம், டெல்லூரியம் ஆகிய தனிமங்களின் சேர்மங்கள் இன்னும் நன்றாக வேலை செய்தன. ஆனால் அவற்றின் நாற்றமோ குளித்தாலும் உடையை மாற்றினாலும் உடலை விட்டு நீங்கவில்லை. அவரும் அவருடைய தோழர்களும் பிறருடன் கலந்து பழகவே கூசினர்.

நாங்கள் வேதியியல் வகுப்பில் தனிம வரிசை அட்டவணையைப் படிக்கிறோம். அதை மனப்பாடம் செய்வதே பெரும்பாடு என்று நம்மில் பலர் முணுமுணுப்பதுண்டு. அந்த அட்டவணையைத்தான் மிட்ஜ்லி வழிகாட்டியாகக் கொண்டார். எந்தெந்தத் தனிமம் தட்டலை எவ்வளவு குறைக்கிறது என்பதை அட்டவணையின் கட்டங்களில் குறித்துப் பார்த்தபோது, கீழே செல்லச் செல்ல ஆற்றல் கூடுவதைக் கண்டார். அந்த வழியே சென்று ஈயத்தை அடைந்தார்.

1921ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், டெட்ரா எத்தில் ஈயம் என்னும் திரவத்தைச் சிறிதளவு எரிபொருளில் கலந்து என்ஜினை ஓட்டினார்கள். தட்டல் அடியோடு நின்றது. ஒரு கேலன் பெட்ரோலுக்கு, அதாவது சுமார் 3.8 லிட்டருக்கு, 3 மில்லி லிட்டர் அளவே போதுமானதாக இருந்தது. ஐந்தாண்டு உழைப்பு பலித்துவிட்டது.

எத்தில் பெட்ரோல்

1923ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் டேட்டன் நகரில் ஈயம் கலந்த பெட்ரோல் முதன்முதலாக விற்கப்பட்டது. அதற்கு எத்தில் என்று பெயரிட்டார்கள். அப்பெயரில் ஈயம் என்ற சொல்லே இல்லை. அதே ஆண்டில் நடந்த இண்டியானாபொலிஸ் கார்ப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களைப் பெற்ற கார்கள் அந்தப் பெட்ரோலில் ஓடியவை. அதன் பிறகு விற்பனைக்குக் கேட்கவா வேண்டும்? சாதாரணப் பெட்ரோலைவிட உயர்ந்தது என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கும் பழக்கம் அவ்வாறு வேரூன்றியது.

1924இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் நியூஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனமும் சேர்ந்து எத்தில் நிறுவனத்தைத் தொடங்கின. மிட்ஜ்லி அதில் உயர் பொறுப்பேற்றார்.

ஆனால் மருந்துக்கும் ஒரு நோய் வந்தது. எரிந்த ஈயம் என்ஜினுக்குள்ளேயே படிந்து வால்வுகளையும் ஸ்பார்க் பிளக்குகளையும் கெடுத்தது. அந்தப் படிவை அகற்ற புரோமின் கலந்த மற்றொரு பொருளைச் சேர்த்தார்கள். அது ஈயத்தை ஆவியாக மாற்றிப் புகைக்குழாய் வழியே வெளியேற்றியது. என்ஜின் சுத்தமாயிற்று. வெளியே சென்ற ஈயம் எங்கே போயிற்று? தெருக்களிலும் வயல்களிலும், நடந்து செல்லும் மக்களின் மூச்சிலும் கலந்தது. ஆராய்ச்சிச் சாலையில் எத்தனையோ கேள்விகளைச் சலியாமல் கேட்ட அறிஞர், இந்த ஒரு கேள்வியை உரிய முறையில் கேட்கவில்லை.

பலியான உயிர்கள்

ஈயம் நஞ்சு என்பது பண்டைக் காலத்திலிருந்தே மனிதர் அறிந்த செய்தி. மிட்ஜ்லிக்கும் அது தெரியும். 1923ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவரே ஈய நஞ்சால் நோயுற்று, ஃபுளோரிடா சென்று ஓய்வெடுத்துக்கொள்ள நேர்ந்தது.

மறு ஆண்டில் கொடிய நிகழ்ச்சிகள் நடந்தன. 1924 அக்டோபரில் நியூஜெர்சியிலுள்ள பேவே ஆலையில் இத்திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் திடீரென்று அறிவு மயங்கினர். இல்லாதவற்றைக் கண்டு அலறினர். ஐந்து பேர் மாண்டனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயில் வீழ்ந்தனர். டேட்டன் நகரிலும் வேறோர் ஆலையிலும்கூட உயிர்கள் பலியாயின. நியூயார்க் முதலிய நகரங்கள் ஈயப் பெட்ரோலைத் தடை செய்தன.

மக்களின் அச்சத்தைப் போக்க 1924 அக்டோபர் 30ஆம் நாள் மிட்ஜ்லி பத்திரிகையாளர்கள் முன் தோன்றினார். அத்திரவத்தைத் தம் கைகளில் ஊற்றிக்கொண்டார். பாட்டிலை மூக்கருகே வைத்து ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார். நாள்தோறும் இவ்வாறு செய்தாலும் தமக்குத் தீங்கு வராது என்ற பொருள்படப் பேசினார். அதே நஞ்சால் முந்திய ஆண்டு தாமே படுத்ததை அவர் மறந்திருக்க முடியுமா? இங்கேதான் அவருடைய வாழ்க்கையில் நம் மனம் வருந்தும் இடம் வருகிறது.

இவ்வேளையில் துணிந்து குரல் கொடுத்தவர்களுள் ஒரு பெண்மணியும் இருந்தார். அவர் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன். 1919இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியையாக அமர்ந்தவர். ஆலை ஆலையாகச் சென்று, ஈயத்தால் நோயுறும் ஏழைத் தொழிலாளர்களைக் கண்டு ஆராய்ந்தவர். 1925 மே 20ஆம் நாள் வாஷிங்டனில் அரசு கூட்டிய மாநாட்டில், ஈயத்தைத் தெருவெங்கும் பரப்புவது பெருந்தீங்கு என்றும், ஈயம் இல்லாத வேறு வழியைத் தேட வேண்டும் என்றும் அவர் வாதாடினார்.

வேறு வழி இல்லாமல் இல்லை. சாராயத்தைப் பெட்ரோலில் கலந்தாலும் தட்டல் நிற்கும். இதை முன்னரே செய்து காட்டியவர்களுள் மிட்ஜ்லியும் ஒருவர். ஆனால் சாராயத்தைப் பத்தில் இரண்டு மூன்று பங்கு சேர்க்க வேண்டும். ஈயமோ சில துளி போதும். ஈயத்தில் ஆதாயமும் மிகுதி.

மாநாட்டையொட்டி விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டது. குறுகிய காலத்தில் ஆராய்ந்த குழு ஒன்று, தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்று 1926இல் கூறிவிட்டது. விற்பனை மீண்டும் தொடங்கியது. ஹாமில்டன் அம்மையாரின் எச்சரிக்கை பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

பிற்கால வாழ்வும் மறைவும்

மிட்ஜ்லியின் புகழ் மேலும் வளர்ந்தது. அக்காலத்துக் குளிர்பதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. அவை கசிந்து உயிரிழப்பு நேர்ந்ததுண்டு. 1928இல் மிட்ஜ்லியும் அவருடைய தோழர்களும் தீப்பிடிக்காத, நஞ்சில்லாத ஒரு வாயுவை அதற்கென ஆக்கித் தந்தனர். அதுவே பிற்காலத்தில் ஃபிரியான் எனப்பட்டது. 1930இல் அறிஞர் அவையில் அவ்வாயுவை மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவர்த்தியின் மீது ஊதி அணைத்துக் காட்டினார். பல வீடுகளில் உணவும் மருந்தும் கெடாமல் காத்த அவ்வாயுவே வானத்தின் ஓசோன் படலத்தை அரிக்கக்கூடியது என்பது 1974இல்தான் தெரிய வந்தது. இதை முன்னறிய அவருக்கு வழியில்லை. ஆனால் ஈயத்தின் தீமை அவருக்கு முன்னரே தெரிந்த ஒன்று. இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

1941இல் பிரீஸ்ட்லி பதக்கம் அவருக்குக் கிடைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. 1944இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் தலைவராகவும் ஆனார். ஆனால் 1940இல் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கிக் கால்களை முடக்கிவிட்டது. அப்போதும் அவர் சோர்ந்துவிடவில்லை. கயிறுகளையும் கப்பிகளையும் கொண்டு, படுக்கையிலிருந்து தம்மைத் தூக்கிவிடும் ஒரு கருவியைத் தாமே அமைத்துக்கொண்டார். 1944 நவம்பர் 2ஆம் நாள் அக்கருவியின் கயிறே கழுத்தை இறுக்க, 55ஆம் வயதில் அவர் உயிர் பிரிந்தது. அன்னாரின் ஆன்மா இறைவனில் இளைப்பாறுவதாக.

பால்பற்கள் கூறிய உண்மை

மிட்ஜ்லி மறைந்து ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பின் கிளேர் பேட்டர்சன் என்னும் அறிஞர், ஈயத்தின் அளவைக் கொண்டு பூமியின் வயதைக் கணக்கிட முயன்றார். பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று கண்டும் விட்டார். ஆனால் அந்த வேலையில் அவருக்கு ஒரு பெரிய இடையூறு இருந்தது. எவ்வளவு சுத்தம் செய்தாலும் எங்கிருந்தோ ஈயத் தூசு வந்து கலந்துகொண்டே இருந்தது. காரணத்தைத் தேடிப் போனவர், காற்று, கடல், கிரீன்லாந்துப் பனிக்கட்டி ஆகிய யாவற்றிலும் மனிதர் பரப்பிய ஈயம் கலந்திருப்பதைக் கண்டார். 1965இல் இதை உலகுக்கு எடுத்துரைத்தார்.

1979இல் ஹெர்பர்ட் நீடில்மன் என்னும் மருத்துவர் சிறுவர் சிறுமியரின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து ஆராய்ந்தார். நம் ஊரில் விழுந்த பல்லைக் கூரை மேல் எறிந்து விடுவோம். அவரோ அந்தச் சின்னஞ்சிறு பற்களில் இருந்த ஈயத்தை அளந்தார். பல்லில் ஈயம் மிகுந்த குழந்தைகள் அறிவுத் தேர்விலும், வகுப்பில் மனம் ஒன்றிக் கவனிப்பதிலும் பின்தங்கியிருந்தனர். அக்குழந்தைகள் செய்த குற்றம்தான் என்ன? அவர்கள் வளர்ந்த ஊரின் காற்றிலும் தூசியிலும் சுவரின் வண்ணப் பூச்சிலும் ஈயம் இருந்தது, அவ்வளவே.

அமெரிக்காவில் 1975 முதல் புகையைத் தூய்மை செய்யும் கருவி புதிய கார்களில் பொருத்தப்பட்டது. அக்கருவியையும் ஈயம் கெடுத்துவிடும். ஆகவே ஈயம் இல்லாத பெட்ரோல் பரவலாயிற்று. 1996இல் அங்கே சாலைக் கார்களுக்கு ஈயப் பெட்ரோல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. நம் இந்திய நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் அதுவே விற்கப்படுகிறது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரிய நாடு 2021இல் கார்களுக்கான ஈயப் பெட்ரோலைக் கைவிட்டது. டேட்டன் நகரில் தொடங்கிய கதை முடிய 98 ஆண்டுகள் ஆயின. அன்று ஒதுக்கப்பட்ட சாராயமோ எத்தனால் என்ற பெயரில் இன்று நம் பெட்ரோலில் கலக்கப்படுகிறது. 2025இல் அது நூற்றுக்கு 20 பங்கை எட்டியது.

புதிய காருக்கு மருந்து வேண்டுமா?

இப்போது நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம்.

பெட்ரோலின் தட்டல் தாங்கும் திறனை ஆக்டேன் எண்ணால் குறிக்கிறார்கள். 1926இல் எத்தில் நிறுவனத்தில் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து பிறந்த அளவு அது. ஐசோ ஆக்டேன் என்னும் பொருளுக்கு 100 மதிப்பெண். ஹெப்டேன் என்னும் பொருளுக்குப் பூச்சியம். ஒரு பெட்ரோலின் எண் 95 என்றால், 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்தது எவ்வளவு தாங்குமோ அவ்வளவு அது தாங்கும் என்று பொருள். நம் தேர்வில் 95 மதிப்பெண் 91ஐவிட மேல். ஆனால் பெட்ரோலில் அந்த எண் சக்தியைக் குறிப்பதன்று, பொறுமையைக் குறிப்பது. அழுத்தும்போது முந்திக்கொண்டு வெடிக்காமல் காத்திருக்கும் பொறுமை அது.

எனவே விடை எளிது. ஒவ்வொரு என்ஜினுக்கும் எவ்வளவு பொறுமையுள்ள பெட்ரோல் வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் முன்னரே கணக்கிட்டுக் கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். சாதாரணப் பெட்ரோலுக்காக அமைத்த என்ஜினில் அந்தப் பெட்ரோலுக்குத் தட்டல் இல்லை. இல்லாத நோய்க்கு மருந்து தருவதால் என்ன பயன்? அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2016இல் சாதாரணப் பெட்ரோலுக்கென அமைந்த கார்களில் பிரீமியம் பெட்ரோலை ஊற்றிச் சோதித்தது. இழுவையிலோ மைலேஜிலோ சொல்லத்தக்க நன்மை தெரியவில்லை.

அழுத்தம் மிகுந்த சில என்ஜின்களும், டர்போ பொருத்திய சில என்ஜின்களும் உயர்ந்த ஆக்டேனுக்கென்றே அமைக்கப்பட்டவை. கையேடு அவ்வாறு சொன்னால் அதைத்தான் போட வேண்டும். அவற்றில் குறைந்த ஆக்டேன் பெட்ரோலைப் போட்டால், தட்டலை உணரும் கருவி பொறி விழும் நேரத்தைத் தள்ளிவைத்து என்ஜினைக் காக்கும். ஆனால் இழுவை குறையும்.

பெட்ரோலில் சேர்க்கும் துப்புரவுப் பொருள்கள் வேறு வகை. அவை எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டர் முதலிய உறுப்புகளில் அழுக்குப் படியாமல் காக்கின்றன. இது மெய்யான நன்மைதான். ஆனால் அது நாள்பட்டுத் தெரிவது. அழுக்கே சேராத புதிய என்ஜினில் ஊற்றியவுடன் பாய்ச்சல் கூடும் என்று எதிர்பார்க்கலாகாது. பாட்டில் மருந்துகளில் எச்சரிக்கை வேண்டும். இரும்பு, மாங்கனீசு போன்ற உலோகம் கலந்தவை ஸ்பார்க் பிளக்கில் படிவை உண்டாக்கும். கையேடு அனுமதிக்காத எதையும் டாங்கியில் ஊற்றாதிருப்பதே அறிவுடைமை. உரிய நாளில் என்ஜின் ஆயில் மாற்றுவதும், டயரில் சரியான அளவு காற்று வைத்திருப்பதும் புதிய காருக்கு அதைவிட மேலான நன்மை தரும்.

முடிவுரை

அன்புத் தோழியரே! மிட்ஜ்லி தீயவர் அல்லர். அறிவும் உழைப்பும் துணிவும் அவரிடம் நிறைந்திருந்தன. நோயில் வீழ்ந்தும் மனம் தளராதவர். என்ஜினின் ஓசையைக் கூர்ந்து கேட்ட அவர், ஆலையில் துடித்த தொழிலாளியின் ஓசையையும் அவ்வாறே கேட்டிருந்தால் உலகம் அவரை இன்னும் எவ்வளவு அன்போடு நினைத்திருக்கும்! திருப்பலியின் தொடக்கத்தில், செய்த பிழைகளுக்காக மட்டுமின்றிக் கடமையில் தவறியதற்காகவும் நாம் இறைவனிடம் மன்னிப்பு வேண்டுகிறோம். அந்த மன்றாட்டின் பொருளை இவருடைய வரலாறு நமக்கு விளக்குகிறது.

எந்த மருந்தையும் ஏற்கும் முன் நாம் இரண்டு கேள்விகளைக் கேட்போம். நோய் உண்மையிலேயே இருக்கிறதா? நமக்கு நன்மை தரும் மருந்து பிறருக்கு என்ன செய்யும்? முதற்கேள்வி நம் பெற்றோரின் பணத்தைக் காக்கும். இரண்டாவது கேள்வி, நாம் முகமறியாத குழந்தைகளைக் காக்கும். நம்மில் நாளை பொறியாளராகவும் மருத்துவராகவும் வேதியியல் அறிஞராகவும் வருவோர் பலர் இருக்கலாம். மிட்ஜ்லியின் ஆராய்ச்சித் திறனையும், ஆலிஸ் ஹாமில்டன் அம்மையாரின் மனச்சாட்சியையும் ஒருங்கே தந்தருளுமாறு எல்லாம் வல்ல இறைவனை வேண்டி, அறிவை அன்போடு இணைத்து வாழ்வோமாக!